முப்பத்தேழாம் நாள் வந்த பை

எக்ஸ்ரே திரைக்கு முன்னால் ஓர்லிண்டா சிஸ்னெரோஸ் உட்கார்ந்திருந்தால் ஆம்ப்ரோஸ் டெனோரியோ அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். ஆல்புகெர்க்கி விமான நிலையத்தில் காலை ஷிப்டின் பாதுகாப்புச் சோதனைக்கு அவர்தான் மேற்பார்வையாளர். மற்ற எல்லார் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று பார்ப்பார். அவள் முதுகுக்குப் பின்னால் மட்டும் நிற்பதில்லை. பதினெட்டு வருஷத்தில் அதற்கு அவசியம் வந்ததில்லை.

அரசாங்கத்தை மூடி முப்பத்தேழாம் நாள், காலை எட்டேகாலுக்கு அந்த அவசியம் வந்தது.

அந்த இயந்திரத்துக்கு ஒரு குசும்பு உண்டு. பைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, இல்லாத கத்தி ஒன்றை யாரோ ஒரு அப்பாவியின் பைக்குள் வரைந்து காட்டும். பார்க்கிறவர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. பொத்தானை அழுத்தினால் அது பொய்ப்படம்தான், கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று எழுதும். அழுத்தாமல் பையை அனுப்பிவிட்டால் தவறவிட்டீர்கள் என்று சிவப்பில் எழுதும். ஓர்லிண்டாவின் திரையில் சிவப்பு எழுத்தை ஆம்ப்ரோஸ் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். அவளும் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்க்கவில்லை. அடுத்த பையை உள்ளே இழுத்தாள்.

அவளுடைய கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சிவப்பு எழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்காது.

ஓர்லிண்டாவுக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் பெலென். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தெற்கே லெமிட்டார் பக்கம் ஒரு மிளகாய்க் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். வயலில் பறித்த பச்சை மிளகாய் லாரி லாரியாக வந்து இறங்கும். நம் உள்ளங்கையைவிட நீளமாக இருக்கும் ஒவ்வொன்றும். அதைக் கொட்டினால் நீளமான பெல்ட்டில் ஓடும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, ஓடுகிற மிளகாய்க்கு நடுவே கிடக்கும் கல், குச்சி, ஓணான், அழுகல் எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். பத்து சீசன் அங்கே நின்றாள். பச்சைக்கு நடுவே பச்சையாக இருக்கும் வெட்டுக்கிளியைக்கூட ஓடுகிற ஓட்டத்தில் எடுத்துவிடுவாளாம். முதலாளி ஒருநாள் வேண்டுமென்றே தன் மோதிரத்தை மிளகாயோடு கொட்டிப் பார்த்தாராம். மோதிரம் பெல்ட்டின் பாதித் தூரம்கூடப் போகவில்லை. ஓர்லிண்டா அதை எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம்வரை ஒன்றுமே சொல்லாமல் வேலை செய்து, வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கொடுத்தாளாம். அவர் அன்றைக்கு முழுக்க வியர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். இது அவளே சிரித்துக்கொண்டு சொன்ன கதை.

கொட்டகை மூடியதும் விமான நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாள். நேர்முகத்தில் ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, "அங்கயும் பெல்ட்டு, இங்கயும் பெல்ட்டு. இங்க உக்காந்து பாக்கலாம்ல" என்று சொன்னாளாம். எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பைகளை எண்ணினால் எத்தனை லட்சம் வருமோ.

இனி அந்த முப்பத்தேழு நாளுக்கு வருவோம். வாஷிங்டனில் இரண்டு கட்சிக்காரர்களும் பட்ஜெட்டை நடுவில் போட்டுக்கொண்டு, யார் முதலில் இறங்கி வருவது என்று வீம்பு பிடித்து நின்றார்கள். பட்ஜெட் நிறைவேறாவிட்டால் அங்கே அரசாங்கத்தையே மூடிவிடுவார்கள். அவர்களுடைய சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அரசாங்கம் மூடினால் குமாஸ்தாக்கள் வீட்டுக்குப் போகலாம். பெட்டி சோதிக்கிறவர்கள் போகக் கூடாது. கேட்டால், அவர்கள் இல்லாமல் நாடே நடக்காதாம். நாடு நடப்பதற்கு அத்தனை தேவையானவர்களுக்குத்தான் சம்பளம் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக வரும் என்று கைவிரித்துவிட்டார்கள். வயிறு அப்படித் தவணை சொன்னால் கேட்குமா? இதைச் சட்டமாக எழுதிய மகராசனை ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், காலை நாலு மணி ஷிப்டில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்.

நின்றார்கள். அதுதான் ஆச்சரியம். சிலர் வரவில்லை, அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. வந்தவர்கள் ஓய்வறையில் ஒரு மின்சாரச் சட்டி வைத்திருந்தார்கள். வீட்டில் எது மிச்சம் இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து அதில் போடுவது என்று ஏற்பாடு. ஒருவர் பீன்ஸ், ஒருவர் உருளைக்கிழங்கு. கீவா பியூப்லோ என்ற பூர்வகுடி ஊரிலிருந்து வரும் ஆம்ப்ரோஸ், மனைவி பெர்னடீன் முற்றத்து மண் அடுப்பில் சுட்ட ரொட்டி கொண்டுவருவார். ஓர்லிண்டா சுட்டுத் தோலுரித்து உறைய வைத்த மிளகாய் ஒரு பொட்டலம் கொண்டுவருவாள். இந்தச் சாப்பாடு மட்டும்தான் இந்த வேலையில் நேரத்துக்கு வருகிறது என்று ஜோலீன் பிட்ஸ் கிண்டல் செய்வாள். ஜோலீன் இன்னொரு எக்ஸ்ரேக்காரி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. பயணிகள் தட்டில் மறந்துவிட்டுப் போகும் சில்லறையைக்கூட இவர்கள் தொடக் கூடாது. பொறுக்கி உண்டியலில் போட்டு, அதே மூடிக் கிடக்கும் அரசாங்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் அனுப்பினார்கள், ஒரு காசு குறையாமல்.

சிவப்பு எழுத்தைப் பார்த்த பிறகு ஆம்ப்ரோஸ் ஐந்து நிமிஷம் பொறுத்து ஓர்லிண்டாவை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஜோலீனை உட்கார வைத்தார். ஓர்லிண்டா எழுந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு, அதன் மேல் பச்சை நிறத்தில் சுற்றிய கட்டு. அந்தக் கட்டு எந்த இடத்தில் போடுவது என்று அவருக்குத் தெரியும். ஊருக்குள் ஒரு இடம் இருக்கிறது. ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து வைத்துக்கொண்டு காசு கொடுப்பார்கள். அவர் ஓரமாகக் கூப்பிட வேண்டிய அவசியமில்லாமல் அவளே ஓரமாக வந்து நின்றாள்.

"எத்தனை தடவை?" என்று கேட்டார்.

"வாரம் ரெண்டு. நேத்து ஒண்ணு."

"எதுக்கு?"

"கரன்ட் பில்லு, ப்ரீமோ." ப்ரீமோ என்றால் ஒன்றுவிட்ட சகோதரன். அந்த ஊரில் தபால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கரன்ட்டு போச்சுன்னா ஃப்ரீசர் போயிரும். ஃப்ரீசர்ல முப்பது பொட்டலம் மிளகா இருக்கு. அத விட்டா வீட்ல வேற என்ன இருக்கு சொல்லுங்க."

அவள் கணவன் ஃபிடென்சியோ கூரை வேலை பார்க்கிறவன். வேனிற்காலத்தில் முழங்காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். ஆம்ப்ரோஸுக்கு இது தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவர் வீட்டிலும் அதே கதைதான், ரொட்டி மாவு மட்டும்தான் அவருக்குக் கடன் இல்லாமல் கிடைத்தது.

"இன்னிக்கு நீ மெஷின் பக்கம் போகாத. பை திறக்கற மேசைல நில்லு" என்றார். அவள் மறுத்துப் பேசவில்லை. ஓர்லிண்டா மறுத்துப் பேசாதது அவருக்குச் சிவப்பு எழுத்தைவிடப் பயமாக இருந்தது.

பை திறக்கும் மேசையில் வேலை என்றால் அந்த ஊரில் பாதி மிளகாய் வேலைதான். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நியூ மெக்சிகோவை விட்டுப் போகிறவர் எவரும் மிளகாய் இல்லாமல் போக மாட்டார். சிகாகோவில் இருக்கும் மகளுக்கு, ஹூஸ்டனில் இருக்கும் தம்பிக்கு, சொந்தம் எங்கேயும் இல்லாதவர் தனக்கே. உறைந்து கல்லாக இருந்தால் விமானத்தில் ஏற்றலாம். இளகிவிட்டால் அது திரவக் கணக்கில் சேரும், குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும். கல்லா இளகலா என்று பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் அமுங்கினால் போச்சு.

அன்றைக்கு ஓர்லிண்டா அழுத்திய நாலாவது பொட்டலம் அமுங்கியது. பொட்டலத்துக்குச் சொந்தக்காரி அறுபது வயதுப் பெண்மணி. கோபப்படவில்லை. மாறாக, கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க தோட்டத்து மிளகாம்மா. குப்பைல போடாத, நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. உங்களுக்கெல்லாம் சம்பளமே வரலையாமே, டிவில பாத்தேன்."

"மனசு வச்சுக் குடுக்கறீங்க, தெரியுது. எடுத்தா என் வேலை போயிரும்மா" என்று ஓர்லிண்டா சொன்னாள். பொட்டலத்தைத் தொட்டியில் போட்டாள். அது விழுந்த சத்தம் கேட்ட பிறகும் ஒரு கணம் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த பையைத் திறந்தாள். பெல்ட்டில் ஓடும் வெட்டுக்கிளியைப் பிடிப்பதுகூடப் பெரிதில்லை, இதுதான் பெரிது என்று ஆம்ப்ரோஸுக்குத் தோன்றியது.

பத்தரை மணிக்கு ஜோலீனின் போன் அதிர்ந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடமிருந்து. மூன்று வாரமாகக் காசு வரவில்லை, இனிமேல் முடியாது, வந்து கூட்டிக்கொண்டு போ என்று அவள் சொல்லிவிட்டாள். ஜோலீன் எழுந்து நின்று ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். அவளுக்கே அழுகை வந்துவிட்டது, ஆனாலும் போகிற போக்கில் ஒன்று சொல்லாமல் போகவில்லை. "டென்வர்லேர்ந்து ஆவிங்க கெளம்பிருக்காம், ஜாக்கிரதை. சம்பளமில்லாத ஆவி எதுக்குத்தான் அலையுதோ."

ஆவி என்று அவர்கள் சொல்வது வேவு பார்க்க வரும் அதிகாரிகளை. சாதாரணப் பயணிபோல டிக்கெட் வாங்கிக்கொண்டு, பைக்குள் எங்கேயாவது போலி வெடிகுண்டு ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பிடித்துவிட்டால் சரி. விட்டுவிட்டால், விட்டவரை இயந்திரத்திலிருந்து இறக்கி மறுபயிற்சிக்கு அனுப்ப வேண்டும். மற்ற நாளில் அது நாலு நாள் வேலை. இப்போதோ பயிற்சி கொடுப்பவர்கள் எல்லாரும் அரசாங்கத்தோடு சேர்ந்து வீட்டில் இருந்தார்கள். பயிற்சி முடிக்காதவருக்குத் தகுதிச் சீட்டு கிடையாது, சீட்டு இல்லாதவருக்கு வேலை கிடையாது. முழு ஓய்வூதியத்துக்கு ஓர்லிண்டாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இன்றைக்கு ஒரு பையை விட்டால் பதினெட்டு வருஷமும் அந்தப் பையோடு போய்விடும்.

ஆம்ப்ரோஸ் கூடத்தைப் பார்த்தார். இருந்தது இரண்டு வரிசை. டல்லஸ், பீனிக்ஸ், டென்வர் விமானங்கள் மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். ஜனங்கள் காபிக்கடையைத் தாண்டி நின்றிருந்தார்கள். எக்ஸ்ரேயில் உட்காரத் தகுதிச் சீட்டு உள்ளவர்கள் அன்றைக்கு வந்ததே மூன்று பேர். ஒருத்தி போய்விட்டாள், ஒருவர் பக்கத்து வரிசையில் இருக்கிறார். ஆம்ப்ரோஸ் தயங்கித் தயங்கி ஓர்லிண்டாவிடம் போவதற்குள், நிலைமையைப் புரிந்துகொண்டு அவளே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இருபது நிமிஷம் தாக்குப்பிடிப்பியா?"

"ஒரு கிளாஸ் தண்ணி குடுங்க, பாக்கறேன்" என்றாள்.

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஆம்ப்ரோஸ் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவரால் நகர முடியவில்லை. பைகள் போயின. மடிக்கணினி, ஷூ, பால்புட்டி, மிளகாய், மிளகாய், புத்தகம், மிளகாய். உறைந்த பொட்டலங்கள் திரையில் ஆரஞ்சு நிறக் கட்டிகளாகத் தெரியும். ஒவ்வொன்றையும் அவள் மேசைக்கு அனுப்பினாள். வேகம் பழைய வேகம் இல்லை. ஆனாலும் ஓடியது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தொப்பி போட்ட ஒரு ஆள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், கழுத்தில் பச்சைக்கல் பதித்த கயிற்று டை. சொக்கோரோ பக்கம் மாடு வளர்க்கிறவர் என்று யாரும் சொல்வார்கள். டல்லஸுக்கு டிக்கெட். தொப்பியைக் கழற்றித் தட்டில் கவிழ்த்துவிட்டு, வரிசையை நடத்துகிறவனிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நடந்தார். பை உள்ளே போனது.

திரையில் நான்கு சட்டை, ஒரு ஜோடி பூட்ஸ், சவரப்பெட்டி, பைபிள். ஆம்ப்ரோஸ் பார்த்தார். அவர் கண்ணுக்குச் சுத்தமான பை. ஓர்லிண்டாவின் விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனது. பொத்தான் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

அப்படியே இருந்தாள். நாலு விநாடி, ஐந்து விநாடி. பெல்ட் நின்றுவிட்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். உட்கார்ந்தபடியே மயங்கிவிட்டாள் என்றே ஆம்ப்ரோஸ் நினைத்தார். குனிந்து அவள் பெயரைச் சொன்னார்.

"ஏதோ இல்ல, ப்ரீமோ" என்றாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"என்ன இல்ல?"

"அதான் தெரியல."

பெல்ட்டைப் பின்னால் ஓடவிட்டாள். பையை மறுபடி உள்ளே இழுத்தாள். அவள் முதுகு நிமிர்ந்தது. அதை அவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தார். திரையில் ஒவ்வொரு பொருளாக அவள் கண் போய்க்கொண்டிருந்தது. சட்டைக் காலர், சவரப்பெட்டியின் ஜிப், பைபிளின் முதுகு, இடது பூட்ஸ், வலது பூட்ஸ். திரும்ப இடது. திரும்ப வலது. விரலால் வலது பூட்ஸின் குதிகாலைத் தொட்டுக் காட்டினாள். இடது குதிகாலைவிட அது ஒரு நூல் அளவு கருப்பாக இருந்தது. மூக்கைத் திரையில் ஒட்டி வைத்த பிறகுதான் ஆம்ப்ரோஸுக்குத் தெரிந்தது.

அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான். தொப்பிக்காரர் அந்தப் பக்கம் நின்று பெருமூச்சு விட்டு, சட்டைப் பைக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

பெயர் வெர்னன் ஹாஸ்கெட். டென்வர் ஆவி. வலது குதிகாலைத் திறந்தால் உள்ளே போலி வெடிகுண்டு. காலையில் இல்லாத கத்தியைத் தவறவிட்ட அதே பெண், அதே கண். எதைப் பார்க்கிறோம் என்று தனக்கே தெரியாமல் எப்படி ஒருத்தி பெல்ட்டை நிறுத்துகிறாள்? இருபத்தொன்பது வருஷமாக அரசாங்கச் சீருடை போட்டவர் ஆம்ப்ரோஸ், அதில் பத்து வருஷம் ராணுவத்தில். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பக்கத்து அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இதற்கென்று ஒரு படிவம் உண்டு. பிடித்தவரை எது நிறுத்த வைத்தது என்று எழுத வேண்டும். நிழல் வித்தியாசம், அடர்த்தி, வடிவம் என்று கட்டங்கள் இருக்கும். ஹாஸ்கெட் பேனாவைத் திறந்து அடர்த்தி என்ற கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு, இதுதானே என்பதுபோல் பார்த்தார்.

"இல்லைங்க" என்றாள் ஓர்லிண்டா. "குதிகால நான் அப்புறந்தான் பாத்தேன். முதல்ல நிறுத்தினது வேற."

"எது?"

அவளுக்குச் சொல்ல வெட்கம். ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். சொல் என்று அவர் தலையசைத்தார்.

"இப்பதான் எனக்கே பிடிபட்டுச்சு. உங்க பைல மிளகா இல்ல."

ஹாஸ்கெட் பேனாவை எடுத்துவிட்டார்.

"பாக்க இந்த ஊர்க்காரர் மாதிரி இருக்கீங்க. டல்லஸ் போறீங்க. நவம்பர் மாசம். எங்க ஊர்க்காரன் மிளகா இல்லாம விமானம் ஏறுவானா? கண்ணு அத தேடிருக்கு, காணும். அதுனாலதான் கை நின்னுருக்கு." சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோலச் சேர்த்துக்கொண்டாள். "அதுக்குக் கட்டம் இல்லன்னு தெரியும்."

ஆம்ப்ரோஸ் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஹாஸ்கெட்டும் சிரிப்பார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் வாங்குவோம்" என்றார். "இந்த ஊருக்கு வந்தா பைல மிளகா இருக்கணும்னு எங்க பட்டியல்லயே இருக்கு. ரசீதக் குடுத்தா ஆபீஸ்ல பணம் வந்துரும். இப்ப ஆபீஸ்ல யாரு இருக்கா? நேத்து கடைல போய் நின்னேன். பன்னெண்டு டாலர். பர்ஸத் திறந்து பாத்தேன். டென்வர் திரும்பப் போறதுக்குப் பெட்ரோல் இருக்கணுமில்ல. வச்சுட்டு வந்துட்டேன்."

டென்வரிலிருந்து ஏழு மணி நேரம் சொந்தக் காசில் வண்டியோட்டி வந்திருக்கிறார். தூங்கியதும் வண்டியில்தான் என்பது கசங்கிய சட்டையிலேயே தெரிந்தது. எதற்கு? சம்பளமில்லாத ஒருத்தி ஒழுங்காகப் பார்க்கிறாளா என்று பார்க்க. அவருக்கும் சம்பளமில்லை. யாரும் கேட்கப் போவதில்லை, வராமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதுமில்லை. மூடிப் பூட்டு போட்ட ஒரு அரசாங்கத்துக்காக இந்த இரண்டு பேரும் இன்னமும் மெய்யாகவே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தபோது ஆம்ப்ரோஸுக்குக் கை மயிர் சிலிர்த்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கோபத்தைவிட மற்றதுதான் பெரிதாக இருந்தது.

ஹாஸ்கெட் படிவத்தின் ஓரத்தில், கட்டம் இல்லாத இடத்தில், என்னவோ எழுதினார். கீழே தேர்ச்சி என்று போட்டு அவளிடம் கையெழுத்துக்கு நீட்டினார். ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பதினெட்டு வருஷமும் பத்திரமாகக் காகிதத்தில் இருக்கிறது, ஒரு கையெழுத்து போட்டால் போதும்.

ஓர்லிண்டா பேனாவை வாங்கவில்லை.

"இது கணக்குல வராதுங்க" என்றாள்.

"ஏன்?"

"நீங்க அந்தப் பன்னெண்டு டாலரக் குடுத்து வாங்கி வச்சிருந்தீங்கன்னா நான் உங்கள விட்டிருப்பேன். மிளகாயப் பாத்து மேசைக்கு அனுப்பிருப்பேன், அவங்க கட்டைவிரல வச்சுப் பாத்துட்டுக் கும்புடு போட்டு அனுப்பிருப்பாங்க. குதிகாலு என் கண்ணுல பட்டிருக்காது. காலைல மெஷின் காட்டுன கத்தியவே நான் விட்டுட்டேன். எனக்குத் தெரியும்."

ஆம்ப்ரோஸுக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. அடிப் பாவி, யாரும் கேட்காததை ஏன் சொல்கிறாய் என்று மனசுக்குள் கத்தினார். ஹாஸ்கெட் அவளைப் பார்த்தார். பிறகு முழங்கைக் கட்டைப் பார்த்தார். காலையில் இயந்திரம் காட்டியது தன் படிவத்தில் சேராது, தான் கொண்டுவந்தது ஒரு பை, அந்தப் பை பிடிபட்டது, தனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நிதானமாகச் சொன்னார். பேனாவை மேசையில் அவள் பக்கமாக வைத்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு எழுந்து வரிசைப் பக்கம் திரும்பியபோது ஆம்ப்ரோஸ் குறுக்கே நின்றார்.

"நீ போகாத. அந்த லைன மூடிட்டேன்" என்றார். உண்மையில் அதுவரை மூடவில்லை. சொன்ன பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து, ஒரே வரிசைதான் ஓடும், விமானங்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மறுமுனையில் கத்தினார்கள். எவ்வளவு தாமதமாகும் என்று கேட்டார்கள். ஆகிறபடி ஆகட்டும் என்றார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் மேலிடத்துக்கு அப்படிப் பதில் சொன்னதே இல்லை. அவள் தன்னைப் பற்றி அத்தனை நேராகச் சொல்லிவிட்ட பிறகு அவர் மட்டும் தெரியாததுபோல எப்படி அவளை அங்கே உட்கார வைப்பார்?

இந்த முறையும் அவள் மறுக்கவில்லை. ஓய்வறைக்குள் போனாள். தூங்கத்தான் போகிறாள் என்று அவர் நினைத்தார். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். குளிர்பெட்டியின் மேல்தட்டில், மறுநாள் சட்டிக்கென்று அவள் வைத்திருந்த மிளகாய். ஹாஸ்கெட்டின் முன்னால் மேசையில் வைத்தாள். கல் வைத்த சத்தம் கேட்டது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "நான் வாங்கக் கூடாதும்மா. உனக்கே தெரியும்."

"உங்களுக்கு இல்ல. பைக்கு" என்றாள். "இத உள்ள வச்சுக்கிட்டு வாங்க. எங்க ஊருக்கும் வாங்க, அடுத்த ஊருக்கும் கொண்டுபோங்க. எந்த நாளுன்னு சொல்லாதீங்க. நான் உக்காந்திருக்கிற லைன்லயே வாங்க."

"அடுத்த தடவை பிடிச்சிருவியா?"

ஓர்லிண்டா யோசித்தாள். பொய் சொல்லாமல் பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

"தெரியல" என்றாள். "அதுனாலதான் வரச் சொல்றேன்."

ஹாஸ்கெட் பொட்டலத்தை எடுத்து, குதிகால் திறந்து கிடந்த பூட்ஸுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். எழுந்து நின்று தொப்பியைப் போடப் போனவர், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் வெளியே போகும்வரை ஆம்ப்ரோஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.